பேசாத நோயாளியின் சாட்சியம்: நீலகிரிக் குழந்தைகளும் மருத்துவ அமானிதமும்

ஒரு வயதுக் குழந்தையொன்று இரு கைகளும் பாதங்களும் வீங்கி, தொட்டாலே வீறிட்டழும் நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை கீழே விழுந்ததாக எவரும் சொல்லவில்லை. தாய்க்கு மருத்துவரின் மொழி சரிவரத் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் முதல் நாள்களில் ஒன்றும் புலப்படாது. ஓரிரு வாரங்கள் கழித்து எடுத்தால் எலும்பின் மேலுறையில் புதிய எலும்புப் படிவு தெரியும். குழந்தையை யாரோ துன்புறுத்தியதால் ஏற்பட்ட காயம் ஆறிவருவதன் அடையாளமாக அதைக் கொள்ளலாம். சிக்கிள் செல் அனீமியா எனப்படும் அரிவாள் செல் சோகையின் முதல் வெளிப்பாடாகவும் கொள்ளலாம். முதல் முடிவு தவறானால் குற்றமற்ற பெற்றோர் மீது பழி விழுகிறது. இரண்டாவது தவறானால் அடித்தவரின் கைக்கே குழந்தை திரும்பிப் போகிறது. குழந்தை மருத்துவத்தில் நோயறிதலும் பாதுகாப்பும் வெவ்வேறு துறைகள் அல்ல என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நீலகிரியைப் பொறுத்தவரை இது கற்பனைச் சிக்கலன்று. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் இம்மலையின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் பண்பு இருப்பதைக் கண்டறிந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். அதே ஆண்டில் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இந்நோய் இருப்பது பதிவாயிற்று. 1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெர்ரிக் முதன்முதலில் விவரித்தது முதல் மருத்துவ உலகம் இதனை ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் நோயாகவே பெரும்பாலும் கருதிவந்தது. இந்திய மண்ணில் அதன் இருப்பை உலகுக்கு அறிவித்த இடங்களுள் நீலகிரி முதன்மையானது.

நோயின் வேர் மிகச் சிறியது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமர்ந்துவிடுகிறது. ஆக்ஸிஜன் குறையும்போது இவ்வகை ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இப்பண்பைப் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் அவருக்கு அது ஒருவகைக் கவசமாகவும் இருந்தது. பெற்றோர் இருவரும் பண்பைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிடலாம். மரபணு ஆய்வாளர்கள் இந்தியப் பழங்குடிகளிடம் காணப்படும் அரிவாள் மரபணுவின் சூழமைப்புக்கு ‘அரபு-இந்திய’ வகை என்று பெயரிட்டுள்ளனர். சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்துக் கதீஃப், அல்அஹ்ஸா பகுதிகளிலும் இதே வகைதான் காணப்படுகிறது. இவ்வகையினரிடம் கருப்பருவ ஹீமோகுளோபின் பிறந்த பின்னரும் கூடுதலாக நீடிப்பதால் நோய் பொதுவாகச் சற்று மென்மையாகவும் தாமதமாகவும் வெளிப்படுகிறது. மென்மை என்பது ஒப்பீட்டில்தான். ஆப்பிரிக்க அனுபவத்தை மட்டும் வைத்து எழுதப்பட்ட பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலூர்க் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர், எதிர்பார்த்த வயதில் அறிகுறி இல்லையே என்று நோயையே தள்ளிவிடக்கூடும். சவூதி அரசு 2004 முதல் திருமணத்துக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. முடிவை மணமக்களிடமே விட்டது. இந்தியாவில் 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டம் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காகக் கொண்டு அட்டைகளும் வழங்குகிறது. அந்த அட்டை மருத்துவ ஆவணமாக இருக்கும்வரை நன்று. ஒரு சிறுமியின் எதிர்கால மணப்பேச்சில் அவளுக்கு எதிரான சான்றாக அது ஊர் முழுதும் கைமாறினால், நோயைவிடப் பெரிய தீங்கை நாமே அவளுக்கு இழைத்தவர்களாவோம்.

இனி அந்தக் குழந்தையின் உடலுக்கு வருவோம். அரிவாள் செல் சோகையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அது சாதாரணக் காய்ச்சலாகக் கருதப்படக் கூடாது. மண்ணீரல் இளவயதிலேயே செயலிழந்துவிடுவதால் நியூமோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவிச் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கவல்லது. தினமும் வாய்வழி பெனிசிலின் கொடுத்தால் இத்தொற்று 84 விழுக்காடு குறைகிறது என்று 1986இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இன்னொரு ஆபத்து, இரத்தம் திடீரென மண்ணீரலில் தேங்கிக் குழந்தை வெளிறிச் சாய்ந்துவிடுவது. ஜமைக்காவில் தாய்மார்களுக்கே குழந்தையின் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீக்கத்தை உணரக் கற்றுக்கொடுத்தார்கள், இறப்புகள் குறைந்தன. ஆய்வுக்கூடமோ கருவியோ இன்றி ஒரு தாயின் விரல்கள் செய்த மருத்துவம் அது.

இந்த அறிவு மலைக்கு வந்து சேர்ந்ததில் இரண்டு அமைப்புகளின் பங்கு பெரிது. கோத்தகிரியில் மருத்துவர் எஸ். நரசிம்மன் 1958இல் நிறுவிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் ஒன்று. கூடலூரில் 1990இல் தொடங்கிய அஷ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை மற்றொன்று. பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய மக்களுக்கென எழுந்த இம்மருத்துவமனையில் அம்மக்களிலிருந்தே செவிலியரும் கிராம நலப் பணியாளரும் உருவாக்கப்பட்டனர். இது தொண்டு மனப்பான்மை மட்டுமன்று. குழந்தையின் தாய்மொழி தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால்தான் பரிசோதனையே முழுமை பெறும் என்பதை உணர்ந்த ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம். உதகமண்டலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியதும், 2025 ஏப்ரலில் அதன் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டதும் மாவட்டத்துக்குப் பெரும் பேறு. ஆயினும் கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. உதகையின் உயரமோ 2,200 மீட்டருக்கு மேல். குளிரும் குறைந்த ஆக்ஸிஜனும் அரிவாள் செல் நோயாளியின் வலியைத் தூண்டக்கூடியவை. அக்குழந்தையை மேலே அனுப்புவதா கீழே அனுப்புவதா என்பதுகூட மருத்துவ முடிவுதான்.

நோயை அறியாதபோது நேரும் அநீதி மருத்துவமனையோடு நிற்பதில்லை. இந்நோயில் சிறுநீரகம் நீரைச் செறிவாக்கும் ஆற்றலை இழப்பதால் பிள்ளைகள் அதிகமாகச் சிறுநீர் கழிப்பர். வளர்ந்த பின்னும் படுக்கையை நனைப்பர். உண்டு உறைவிடப் பள்ளியில் அத்தகைய சிறுவனுக்கு என்ன நேரும் என்பதை ஊகிக்கத் தனித் திறமை வேண்டியதில்லை. சோம்பேறி என்றும் அழுக்கன் என்றும் பெயர் வாங்குவான். தண்ணீர் குடிக்காதே என்று தண்டிக்கப்படுவான். அவனுக்கோ நீரிழப்புதான் வலியை வரவழைக்கும் முதல் எதிரி. ஆனால் இதற்கு நேர்மாறான உண்மையும் உண்டு. பல ஆண்டுகளாக நனைக்காத பிள்ளை திடீரென மீண்டும் நனைக்கத் தொடங்கினால், அது அச்சத்தின் அடையாளமாகவும், சில வேளைகளில் பாலியல் துன்புறுத்தலின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். ஒரே அறிகுறிக்கு இரண்டு பொருள். எப்போது தொடங்கியது, அப்போது வேறென்ன மாறியது என்று பொறுமையாகக் கேட்பவருக்குத்தான் வேறுபாடு விளங்கும்.

இத்தகைய மயக்கங்கள் வேறும் உள. நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பிலும் முதுகிலும் காணப்படும் நீலத் திட்டுகளை மேலைநாட்டு மருத்துவர்கள் இரத்தக்கட்டு என்று எண்ணிப் பெற்றோரை ஐயுற்றதுண்டு. ஹிஜாமா செய்ததன் வட்டத் தழும்புகளும் அவ்வாறே தவறாகக் கொள்ளப்பட்டுள்ளன. ஆனால் வலிப்புக்கோ காமாலைக்கோ மருந்தென்று பச்சிளங்குழந்தைக்குச் சூடு போடுவது இவற்றோடு சேராது. நோக்கம் நல்லதாயினும் அது தீக்காயம்தான், தடுக்கப்பட வேண்டியதுதான்.

மறுபுறம், ஐயத்தை எழுப்பியே தீரவேண்டிய அடையாளங்களும் உண்டு. இன்னும் தவழத் தொடங்காத குழந்தைக்கு இரத்தக்கட்டு உண்டாவது அரிது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடற்பகுதியிலும் காதிலும் கழுத்திலும், நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் எவ்விடத்திலும் காணும் கன்றலை எளிதாக எண்ணலாகாது என்று 2010இல் அமெரிக்க மருத்துவர் மேரி கிளைட் பியர்ஸ் குழுவினர் வரையறுத்தனர். தானாக விழும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடும், காதுமடலில் படுவதில்லை. சொல்லப்படும் கதையும் காயமும் பொருந்தாமை, கதை ஒவ்வொருவரிடமும் மாறுதல், காயத்துக்கும் மருத்துவமனைக்கு வந்ததற்கும் இடையே விளக்கமில்லாத நாள்கள் ஆகியவையும் கவனிக்கத்தக்கவை. 1946இல் ஜான் காஃபி என்ற கதிரியலாளர் ஆறு குழந்தைகளின் மூளை இரத்தக்கசிவோடு பல எலும்பு முறிவுகளையும் சேர்த்துக் கண்டு வியந்தார். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1962இல் ஹென்றி கெம்ப் குழுவினர் அதற்கு அடிக்கப்பட்ட குழந்தையின் நோய்த்தொகுதி என்று பெயரிட்ட பிறகே உலகம் பேசத் தொடங்கியது. கண் கண்டதை மனம் ஏற்க 16 ஆண்டுகள் பிடித்தன.

தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். காலையிலேயே பெற்றோர் இருவரும் கொழுந்து பறிக்கச் சென்றுவிட, லைன் வீட்டில் கைக்குழந்தையை எட்டு வயது அக்காள் பார்த்துக்கொள்கிறாள். அடுப்பில் விழுந்தோ வெந்நீர் கொட்டியோ காயம்பட்டால் அதைப் பெற்றோரின் புறக்கணிப்பு என்று எழுதிவிடுவது எளிது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று விதித்ததே இக்காரணத்தால்தான். காப்பகம் இல்லாத இடத்தில் நேர்ந்த காயத்துக்குத் தாயை மட்டும் குற்றவாளியாக்குவது நீதியாகாது.

மொழிச் சிக்கலும் பாதுகாப்புச் சிக்கலே. பணிய மொழி, காட்டுநாயக்க மொழி, படுகு, மலையாளம், கன்னடம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் தமிழ், அண்மைக் காலமாக ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளரின் மொழிகள் என்று ஒரே மருத்துவமனைத் திண்ணையில் பல குரல்கள் கேட்கும். அழைத்து வந்த உறவினரோ, மேஸ்திரியோ, விடுதிக் காப்பாளரோ மொழிபெயர்க்கிறார். தீங்கிழைத்தவர் அவராகவே இருந்தால்? குழந்தையின் வாக்குமூலம் அவர் வாயிலேயே திருத்தப்பட்டுவிடும். ஆகவே குழந்தையோடு தொடர்பில்லாத ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதும், குழந்தை சொன்ன சொல்லை அதன் மொழியிலேயே எழுதிவைப்பதும் பரிசோதனையின் பகுதிகள்.

குழந்தையின் உடல் வீட்டாரின் தனியுடைமை அன்று, சமூகத்தின் பொறுப்பு என்ற கருத்து மேற்கிலிருந்து நமக்கு இறக்குமதியானதன்று. குழந்தை நோய்களுக்கெனத் தனி நூல் எழுதிய அர்ராஸீயையும், குழந்தைப் பராமரிப்பைத் தனிக் கலையாக வகுத்து எழுதிய கைரவான் மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸாரையும் நாம் பெருமையுடன் நினைவுகூர்வதுண்டு. ஆனால் இங்கே அவர்களைவிடப் பொருத்தமானது 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா கையேடு. கடைத்தெருவின் எடைக்கற்களைக் கண்காணிக்கும் முஹ்தஸிபே மக்தபையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது அந்நூல். எலும்பு முறியுமளவு தடித்த கோலால் ஆசிரியர் அடிக்கலாகாது. சிறுவர்களைத் தம் சொந்த வேலைக்கு ஏவலாகாது. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும். பிள்ளைகளோடு ஒருவர் தனித்திருக்கும் வாய்ப்பையே ஆபத்தாகக் கண்ட முன்னெச்சரிக்கை அது. ஒழுக்கம் கற்பிப்பதற்காக அடித்ததில் பிள்ளைக்கு உயிரிழப்பு நேர்ந்தால் தந்தையும் ஆசிரியரும் ஈட்டுப் பொறுப்பாளிகள் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. தீங்கற்ற முடிவே அந்த அனுமதியின் நிபந்தனை என்று ஃபுகஹாக்கள் காரணம் கூறுவர்.

இப்படியிருக்க, நம் மஹல்லாக்களில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் முதலில் எழும் சொல் ‘ஸத்ர்’ என்பதாக இருக்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவருக்குரிய நற்கூலியைப் பற்றிய நபிமொழி நினைவூட்டப்படுகிறது. இரு தரப்பும் அமரவைக்கப்படுகின்றன. உஸ்தாத் வேறு ஊருக்கு மாற்றப்படுகிறார், அல்லது உறவினர் சில மாதம் வெளியூர் போகிறார். அந்நபிமொழிக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) இவ்விளக்கத்தை ஏற்கவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. தீங்கிலும் குழப்பத்திலும் பெயரெடுக்காத ஒருவரின், நடந்து முடிந்த பாவத்தை மறைப்பதே அங்கு விரும்பத்தக்கது. தொடரும் தீமையைத் தடுப்பதும், தடுக்க இயலாதபோது அதிகாரமுடையோரிடம் கொண்டுசெல்வதும் கடமை என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு காரணங்களை அவர் எண்ணும்போது முதலில் நிற்பது அநீதி இழைக்கப்பட்டவரின் முறையீடு. பேசத் தெரியாத குழந்தைக்காக அந்த முறையீட்டை யார் செய்வது? சாட்சியத்தை மறைப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 283ஆவது வசனம் கண்டிப்பதும் இங்கே கருதத்தக்கது. மருத்துவ இரகசியம் பற்றி 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும், இரகசியம் காப்பதே இயல்பான விதி, காப்பதால் பெருந்தீங்கு விளையுமானால் அவ்விதி தளரும் என்றே தீர்மானித்தது.

நாட்டுச் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையிலுள்ள போக்ஸோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்டோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மருத்துவருக்கும் விலக்கில்லை, ஜமாஅத் தலைவருக்கும் இல்லை. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவருக்கு அதே பிரிவு பாதுகாப்பும் அளிக்கிறது. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் பள்ளி விடுதியொன்றில் துன்புறுத்தப்பட்ட பழங்குடிச் சிறுமியருக்கு மருத்துவம் பார்த்தும் தகவல் தெரிவிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவர் மீதான வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் அவ்வழக்கை மீண்டும் உயிர்ப்பித்து, அறிந்தும் அறிவிக்காமை பாரதூரமான குற்றம் என்றது. குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் எவரும் அழைக்கலாம்.

பரிசோதனை குறித்துப் பெற்றோர் அஞ்சுவதில் ஓரளவு நியாயம் உண்டு. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும் என்றும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும் என்றும், முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் பரிசோதனை நடத்தலாம் என்றும் போக்ஸோவின் 27ஆவது பிரிவு கூறுகிறது. இரு விரல் சோதனையை உச்சநீதிமன்றம் 2013இல் கண்டித்து, 2022இல் அதைச் செய்வதே ஒழுங்கீனம் என்று அறிவித்தது. துன்புறுத்தப்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோரின் உடலில் எந்தக் காயமும் காணப்படுவதில்லை. எனவே ‘பரிசோதனையில் ஒன்றுமில்லை’ என்ற அறிக்கை ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று பொருள்படாது. இதை நம் பெரியவர்கள் தவறாமல் அறிந்திருக்க வேண்டும்; அவ்வறிக்கையைக் காட்டிக் குழந்தையைப் பொய்யாக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு.

தடயம் கிடைக்கக்கூடிய சமயங்களில் காலம் மிகக் குறைவு. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, 72 மணி நேரத்துக்குப் பின் தடயம் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. 96 மணி நேரம் வரை மாதிரிகளை எடுக்கலாம். குழந்தையைக் குளிப்பாட்டாமலும் உடையைத் துவைக்காமலும் அழைத்துச் செல்வது நலம். பந்தலூரின் ஓர் எஸ்டேட்டிலிருந்து பேருந்து பிடித்து மருத்துவமனையை அடைவதற்கே அரை நாள் போகும். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தில் அமர்ந்து பேசலாம் என்று ஒத்திவைத்தால், பேச அமரும் முன்பே அந்த 96 மணி நேரம் கடந்திருக்கும்.